தணிக்கை எண்ணியதும் எண்ணாததும்

போன வருஷம் ஐந்து வாரம், சனி ஞாயிறு நீங்கலாக, தினமும் காலையில் சித்தியைக் கூட்டிக்கொண்டு பொன்மலையிலிருந்து திருச்சியில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்தேன். மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ முடிந்து, கடைசியாக ரேடியேஷன். எங்கள் பக்கம் அதை யாரும் ரேடியேஷன் என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள். சித்திக்கு 25 நாள் கரண்ட். மேஜையில் படுக்க வைப்பார்கள், எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள், கனமான கதவு மூடும், மேலே சிவப்பு விளக்கு எரியும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். வலி இல்லை, சூடு இல்லை. "என்னத்தத்தான் வைக்கிறாங்களோ, ஒண்ணுமே தெரியலடா" என்று சித்தி தினமும் சொல்வார்.

அந்த 'ஒண்ணுமே தெரியல' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, மிஷின் ஓடவில்லை. பெரம்பலூரிலிருந்தும் கரூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு இளைஞர் வந்தார். டாக்டர் இல்லை, மருத்துவ இயற்பியலாளர். "மிஷின் ரிப்பேர் இல்லம்மா. காலைல அளந்து பாத்ததுல மூணரை சதவீதம் கூடுதலா காட்டுது. இன்னொருத்தர் வந்து வேற கருவில அளக்கணும். அதுவரைக்கும் யாருக்கும் வைக்க மாட்டோம்" என்றார்.

"மூணரைக்கா தம்பி இந்தக் கூத்து?" என்று சித்தி கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

மதியம் ஒரு மணிக்கு மேல் விஷயம் தெரிந்தது. மிஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது. விடியற்காலையில் ஏசி நின்றுபோனதில் அறைக்காற்று சூடாகிவிட்டது. அளவுக்கருவி செருகியிருந்த பிளாஸ்டிக் கட்டி இன்னும் குளிர்ந்தே இருந்தது. வெப்பமானி காற்றில் தொங்கியது. காற்றின் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டதால் அளவு கூடிவிட்டது. ரெண்டாவது ஆள், ரெண்டாவது கருவியோடு வந்து அளந்தபோது பிசகு பிடிபட்டது. அன்றைக்கு சித்திக்கு கரண்ட் வைக்கும்போது மூன்று மணி.

வீட்டுக்கு வந்ததும் இந்த மிஷின்களை யார் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனையை யார் சோதிக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அதில் கையில் மாட்டியதுதான் 2012ஆம் வருஷத்து சி.ஏ.ஜி. அறிக்கை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் செயல்பாட்டைத் தணிக்கை செய்த அறிக்கை அது. அதைப் பற்றி எனக்கு ஒரு பாராட்டும் ஒரு சண்டையும் இருக்கிறது. ரெண்டையும் எழுதிவைக்கிறேன்.

யாரும் படிக்காத வரி

அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2012 ஆகஸ்ட்டில். அப்போது தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஞாபகம் இருக்கும். இடிந்தகரையில் போராட்டம், கூடங்குளம் அணு உலை திறக்கும் நேரம். அதனால் நம் ஊரில் அந்த அறிக்கையை எல்லோரும் அணு உலைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தோம். ஒழுங்குமுறை வாரியம் சுதந்திரமானதா, அணுசக்தித் துறைக்குக் கீழே இருக்கும் ஒரு அமைப்பு அந்தத் துறையையே எப்படிக் கேள்வி கேட்கும் என்பதுதான் விவாதம். தேவையான விவாதம்தான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் கதிர்ப்படக் கருவிகள், மருத்துவமனைகளின் கதிர்சிகிச்சைக் கருவிகள், இந்த ரெண்டு வகையிலும் நடந்திருக்க வேண்டிய ஆய்வுகளில் 85 சதவீதம் நடக்கவே இல்லை என்பது. சாதாரண எக்ஸ்ரே கூடங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஆய்வுக் குறைவு 97 சதவீதத்துக்கும் மேல். நாட்டில் ஓடிக்கொண்டிருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே பதிவானவை. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்க வேண்டும் என்று 2001இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தும், தணிக்கை நடந்த சமயத்தில் அதை அமைத்திருந்தவை கேரளமும் மிசோரமும் மட்டும். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. விதியை மீறினால் அன்றைய சட்டப்படி அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்.

தமிழ்நாட்டுக்காரனாக இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆசியாவிலேயே முதல் கோபால்ட் சிகிச்சைக் கருவி 1957இல் வந்து இறங்கியது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில்தான். இந்தத் துறையில் நாம் நேற்றுப் பிறந்தவர்கள் இல்லை. நம் வாழ்நாளில் உலையின் கதிர்வீச்சு நம் உடம்பில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவமனைக் கதிர்வீச்சு படும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு தெருவிலும் கரண்ட் வைத்துக்கொண்ட ஒருவராவது இருப்பார். இருந்தும் அந்த 85 சதவீதம் எந்தத் தேநீர்க்கடை விவாதத்துக்கும் வரவில்லை.

ஆக, அந்த வரியை எழுதியதற்காக சி.ஏ.ஜி.க்கு என் பாராட்டு. வாரியமும் சும்மா இருந்துவிடவில்லை. உரிமம், பதிவு எல்லாம் இ-லோரா என்ற இணையமுறைக்கு வந்தது. தென் மாநிலங்களுக்கென்று சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. அறிக்கையின் எண்கள் 2012க்கு முந்தைய நிலைமையைச் சொல்பவை, அதை மறந்துவிட்டு இன்றைக்கும் அப்படியே என்று பேசுவது நியாயமில்லை.

என் சண்டை அந்த எண்ணோடு இல்லை. அந்த எண் எதை எண்ணுகிறது என்பதோடு.

தேய்ந்த கேஜ்

எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே வந்தது. அதைச் சுற்றித்தான் எங்கள் ஊரே. ரயில் சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அப்பா அடிக்கடி சொல்லுவார்: "கேஜே தேஞ்சிருந்தா தேஞ்ச சக்கரமும் சரியாத்தான்டா தெரியும். நீ நூறு தடவ வச்சுப் பாத்தாலும் சரின்னுதான் சொல்லும்." அதனால் வேலைக்கு எடுக்கும் கேஜை அவ்வப்போது பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் கேஜும் ஒப்பிடும் கேஜும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது.

கதிர்சிகிச்சை மிஷினும் இதே சங்கதிதான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

லினாக் எனப்படும் மின்முடுக்கி, தான் எவ்வளவு கதிர் கொடுக்கிறது என்பதைத் தானே எண்ணிக்கொள்ளும். அதன் தலைப்பகுதிக்குள் கதிர் கடந்துபோகும் வழியிலேயே அளவிகள் இருக்கின்றன. அவை எண்ணுவதற்கு மானிட்டர் யூனிட் என்று பெயர். பொதுவாக, குறிப்பிட்ட ஒரு நிலையில் 100 யூனிட் ஓடினால் 1 கிரே அளவு கதிர் சேரும்படி அமைத்து வைப்பார்கள். சித்திக்கு ஒரு நாளைக்கு 2 கிரே. சரி, 100 யூனிட்டுக்கு 1 கிரே என்று மிஷினுக்கு யார் சொன்னது? மருத்துவமனையின் இயற்பியலாளர்தான், அளந்து பார்த்து அப்படித் திருத்தி வைத்தார். அவர் அளந்தது பிசகியிருந்தால் மிஷின் அந்தப் பிசகை ரொம்ப விசுவாசமாக, ஒவ்வொரு நோயாளிக்கும், நாள் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கோபால்ட் மிஷினில் இந்த எண்ணும் வேலைகூட இல்லை. உள்ளே இருப்பது கோபால்ட்-60 என்ற கதிர்மூலம். கடிகாரத்தை வைத்து இத்தனை நிமிஷம் திறந்து வை என்பதுதான் கணக்கு. அந்தக் கோபால்ட்டோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும், 5.27 வருஷத்தில் பாதியாகிவிடும். மாதத்துக்கு ஏறத்தாழ 1.1 சதவீதம் குறையும். ஒவ்வொரு மாதமும் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் இரண்டே வருஷத்தில் நோயாளிக்குப் போவது முக்கால் பங்கு மருந்துதான்.

அளக்கும் கருவியும் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. ஒரு விரல்நுனி அளவுக்குக் காற்று அடைத்த சின்ன அறை. கதிர் பட்டால் அந்தக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை அளப்பார்கள். காற்று என்பதால் சூட்டுக்கு விரிந்து வெளியேறும், குளிருக்குச் சுருங்கும். கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு. திருச்சி வெயிலில் அறை 26 டிகிரி இருந்தால் அளவு 2 சதவீதம் குறைவாகக் காட்டும், அதைத் திருத்த வேண்டும். காற்றழுத்தத்துக்கும் இதே மாதிரி திருத்தம் உண்டு. வானிலைச் செய்தியில் சொல்லும் காற்றழுத்தம் கடல்மட்டத்துக்குச் சரிசெய்த எண். திருச்சியில் அதை எடுத்துப் போட்டால் பெரிய வித்தியாசம் வராது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செய்த நீராவி எஞ்சின் ஏறிப்போகும் ஊட்டியில் உண்மையான அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே வானிலைச் செய்தியின் எண்ணை நம்பி ஒருவர் அளந்தால் கதை கந்தல்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு நுணுக்கமாக? நோயாளிக்குப் போகும் மொத்த அளவு, டாக்டர் எழுதியதற்கு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட எல்லை. அதற்கு மேல் போனால் நல்ல சதை கெடும். கீழே போனால் கட்டி பிழைத்துக்கொள்ளும். மிஷின், அளவி, ஸ்கேன், திட்டம், நோயாளியைப் படுக்க வைப்பது என்று ஒவ்வொன்றும் அந்த 5இல் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். அதனால்தான் லினாக்கின் தினசரிச் சோதனையில் 3 சதவீதம் எல்லை, மாதாந்திரச் சோதனையில் 2, வருடாந்திரத்தில் 1 என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2009ஆம் வருஷத்து வழிகாட்டி வைத்தது. சித்தி கேட்ட மூணரைக்கான பதில் இது.

காகிதம் சரியாக இருந்த மருத்துவமனைகள்

கதிர்வீச்சு விபத்து என்றால் நமக்கு ஞாபகம் வருவது 2010இல் தில்லி மாயாபுரி. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த ஒரு காமா கருவியைப் பழைய இரும்புக்கு ஏலம் விட்டார்கள். கடையில் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட் ஒரு தொழிலாளியின் உயிரை எடுத்தது, பலருக்குத் தோல் வெந்தது. கண்ணுக்குத் தெரிந்த காயம், அதனால் செய்தியாயிற்று.

கதிர்சிகிச்சை அறைக்குள் நடக்கும் தவறு பெரும்பாலும் அப்படித் தெரியாது. நான் படித்த சம்பவங்களில் சிலதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஒரு ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாரா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம், 1974 முதல் 1976 வரை. கோபால்ட் நாளுக்கு நாள் குறைவதை வரைபடத்தில் நீட்டிக் கணக்குப் போட்ட விதம் தப்பு. உண்மையில் குறைந்ததைவிட வேகமாகக் குறைவதாகக் காட்டியது. அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 22 மாதம் யாரும் மிஷினை மறுபடி அளக்கவில்லை. 426 பேருக்கு அளவு மீறிப் போயிற்று.

இங்கிலாந்தின் எக்ஸெட்டர், 1988. புதுக் கோபால்ட் வைத்தார்கள், அளந்தார்கள், அளந்ததில் நேரக்கணக்குப் பிசகு. பிப்ரவரி முதல் ஜூலை வரை 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதல். பதிவேட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. தேய்ந்த கேஜ்!

கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசே, 1996. அங்கேயும் புதுக் கோபால்ட். கடிகாரத்தில் 0.3 நிமிஷம். அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிஷம் என்பது 18 வினாடி. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும் பிழை. 115 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதிலேயே சிலர் இறந்தார்கள்.

ஸ்பெயினின் சரகோசா, 1990 டிசம்பர். லினாக் பழுதானது, சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் முள் 36லேயே நின்றது. முள் சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் தொடர்ந்து சிகிச்சை கொடுத்தார்கள். முள் சிக்கவில்லை, அது சொன்னதுதான் உண்மை. மிஷின்தான் 36ஐ விட்டு நகரவில்லை. பழுது பார்த்த விஷயம் இயற்பியலாளருக்குச் சொல்லப்படவில்லை, அதனால் யாரும் அளந்து பார்க்கவில்லை. பத்து நாளில் 27 பேர். பலர் இறந்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். 1982இல் சிகிச்சைத் திட்டமிடக் கணினி வந்தது. தூரத்துக்கான திருத்தத்தை அந்தக் கணினியே போட்டுக்கொண்டது. அது தெரியாமல் ஊழியர்கள் வழக்கம்போலக் கையாலும் ஒரு தடவை போட்டார்கள். ரெண்டு தடவை கழித்ததில் நோயாளிகளுக்கு 5 முதல் 35 சதவீதம் வரை குறைவாகப் போயிற்று. 1991 வரை, ஒன்பது வருஷம், 1,045 பேர். யாருக்கும் தோல் கருகவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. 492 பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. அதில் எத்தனை பேருக்குக் குறைந்த அளவுதான் காரணம், எத்தனை பேருக்கு எப்படியும் திரும்பியிருக்கும் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த வீடுகளில் எல்லாம் 'நோய் முத்திடுச்சு, நம்ம விதி' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சித்தியின் 'ஒண்ணுமே தெரியல'வுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ரெண்டாவது கை

இந்தத் தவறுகள் எப்படிப் பிடிபட்டன? எக்ஸெட்டரில், நாடு முழுக்க மருத்துவமனைகளின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் கருவியை வைத்து அளந்தபோது. ஸ்டோக்கில், வேறொரு புதுக் கணினி முறை வந்து பழைய கணக்கோடு மோதியபோது. காகிதத்தைப் பார்த்து ரெண்டிலுமே கண்டுபிடித்திருக்க முடியாது. வேறு கை, வேறு கருவி, வேறு கணக்கு. எங்கள் மருத்துவமனையில் அன்று காலை நடந்ததும் அதுவே. முதல் ஆளே அதே வெப்பமானியை அதே இடத்தில் தொங்கவிட்டு மூன்று தடவை அளந்திருந்தால் மூன்று தடவையும் மூணரைதான் வந்திருக்கும். அந்த மூணரையை நம்பி மிஷினைத் 'திருத்தி' வைத்திருந்தால் அன்றிலிருந்து எல்லோருக்கும் குறைவாகப் போயிருக்கும்.

உலக அளவில் இந்த ரெண்டாவது கைக்கு ஒரு ஏற்பாடு 1969இலிருந்தே இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. பல வருஷமாகச் சின்னக் குப்பியில் ஒரு தூளைத் தபாலில் அனுப்பிவந்தார்கள். மருத்துவமனை தன் கணக்குப்படி அதற்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்பியது. கதிர் வாங்கிய தூளைச் சூடாக்கினால் ஒளிவிடும். ஒளியை அளந்தால் உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்பது தெரிந்துவிடும். 5 சதவீத எல்லைக்குள் வந்தால் சரி. தொடங்கிய காலத்தில் சோதித்த மருத்துவமனைகளில் ஏறத்தாழ பாதிதான் எல்லைக்குள் வந்தன. மீதிப் பேர் எல்லாம் நல்ல மனசோடு, பதிவேடு எழுதி, தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது 95 சதவீதத்துக்கும் மேல் எல்லைக்குள் வருகிறது. ஒரு தபால் குப்பி செய்த வேலை! இந்தியாவில் இதே தபால் சோதனையை மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. மருத்துவமனைகளின் அளவிகளும் சில வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பீட்டுக்குப் போவது அங்கேதான். அப்பா சொன்ன பூட்டி வைத்த கேஜ் நம் நாட்டில் இருக்கிறது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். ஆய்வு நடந்ததா இல்லையா என்று எண்ணிய தணிக்கை, நமக்கு 85 சதவீதம் என்ற எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மிஷின் சரியான அளவு கொடுக்கிறதா என்று சொல்ல முடியாது. நாளைக்கே அது பூஜ்யமாகிவிட்டாலும், அதாவது எல்லா ஆய்வும் ஒழுங்காக நடந்துவிட்டாலும், ஸ்டோக் மாதிரி ஒன்று நடக்காது என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் பார்ப்பது உரிமம் இருக்கிறதா, பாதுகாப்பு அதிகாரி இருக்கிறாரா, கதவு திறந்தால் கதிர் நிற்கிறதா, சுவர் கனம் போதுமா, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா. எல்லாம் வேண்டியதுதான். கதவுப் பூட்டும் சுவரும் ஊழியர்களையும் வெளியே நிற்கும் என்னையும் காப்பாற்றும். மேஜையில் படுத்திருக்கும் சித்தியைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

தணிக்கை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு என்று நினைக்கிறேன். கடந்த வருஷம் எத்தனை மிஷின்களை வெளியார் ஒருவர் அளந்தார்? எத்தனை 5 சதவீதத்தைத் தாண்டின? தாண்டியவற்றில் காரணம் கண்டுபிடித்தது எத்தனை? அதுவரை அந்த மிஷினில் படுத்த நோயாளிகளைத் தேடிப்போய்ச் சொன்னார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது, கேட்கத் தயக்கமானதும் அதுதான்.

சி.ஏ.ஜி. கணக்கர்கள், இயற்பியல் அவர்கள் வேலை இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். ஒத்துக்கொள்ள மாட்டேன். பேங்கில் இருப்பு சரியா என்று பார்க்கப் போகும் கணக்கர் பாஸ்புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவாரா? பெட்டியைத் திறந்து எண்ணுவார். அதையே இங்கேயும் கேட்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்த எண்களை எல்லாம் வெளியே போட்டால் ஏழை ஜனம் பயந்து சிகிச்சையையே விட்டுவிடும். ஒரே மிஷின் இருக்கும் ஊரில் அதை நிறுத்தினால் வரிசையில் இருப்பவர்களுக்கு நோய் முற்றும். உண்மை. பெரம்பலூரிலிருந்து வந்து அன்றைக்கு மூன்று மணி வரை காத்திருந்த அம்மாவுக்குக் கடைசி பஸ் கிடைத்ததோ என்னவோ. ரேடியேஷனில் இடைவெளி விடுவதும் கெடுதல்தான். ஆனால் இந்த வாதம் மிஷினை அளக்காதே என்பதற்குக் காரணமாக முடியாது. இன்னொரு மிஷினும் இன்னொரு ஆளும் வேண்டும் என்பதற்குத்தான் காரணம். லினாக் செய்தவர்களே அதன் தலைக்குள் ரெண்டு அளவிகள் வைத்திருக்கிறார்கள், முதலாவது கோட்டைவிட்டால் ரெண்டாவது நிறுத்தும். மிஷினுக்கே ரெண்டு வேண்டும் என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு இயற்பியலாளரை வைத்து ஒரு மருத்துவமனையை ஓட்டுவது எந்த நியாயம்? அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தன் தப்பைத் தானே பார்க்க முடியாது. லீவு போட்டால் அதுவும் போச்சு.

பயம் பற்றி ஒன்று சொல்கிறேன். அன்று காலை சத்தம் போட்ட கூட்டம், அந்த இளைஞர் வந்து விளக்கிய பிறகு அமைதியாகிவிட்டது. எண் தெரிந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. கரூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், "சரிப்பா, அளந்துட்டே வையி" என்றார்.

சித்திக்கு 25 நாளும் முடிந்தது. கையில் கொடுத்த சுருக்கத்தில் மொத்தம் 50 கிரே, 25 தடவை, மிஷின் பெயர், டாக்டர் பெயர் எல்லாம் இருந்தது. அந்த மிஷினை வெளியார் கடைசியாக அளந்தது எப்போது, எவ்வளவு வித்தியாசம் வந்தது என்ற ஒரு வரி இல்லை. ஆட்டோ மீட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் முத்திரை வைத்த தேதி உண்டு, மார்க்கெட்டில் தராசுக்கும் உண்டு. அந்தச் சுருக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்க்க என்ன செலவாகும்?

உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால், டாக்டரிடம் கேட்பதைக் கேட்டுவிட்டு இயற்பியலாளரையும் ஒரு நிமிஷம் பாருங்கள். "இந்த மிஷினைக் கடைசியா வெளியிலேர்ந்து யாரு அளந்தாங்க, எப்போ?" என்று கேளுங்கள். நல்ல ஆளாக இருந்தால் கோபப்பட மாட்டார். கடைசி நாளன்று நான் அந்த இளைஞரிடம் கேட்டேன். எதுவும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து திறந்து காட்டினார். ஏசி நின்ற நாளின் பக்கம். மூணரை என்று எழுதி, அடிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் வேறு மையில் வேறு கையெழுத்தில் இன்னொரு எண்: 0.4.